அதிவேக மரணம்

அத்தானின் வேலை, இறந்தவர்கள் உண்மையிலேயே இறந்திருக்கிறார்களா என்று பார்ப்பது. ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. இன்னார் காலமாகிவிட்டார் என்று மனு வந்து, அதில் ஏதாவது இடித்தால் கோப்பு அவர் மேசைக்கு வரும். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஒருமுறை ஒரு துக்க வீட்டில், அழுதுகொண்டிருந்த மனைவிக்கு ஆறுதல் சொல்லி முடித்து, கை கழுவலாமென்று குளியலறைக் கதவைத் திறந்தபோது, காலமானவர் முக்காலியில் உட்கார்ந்து தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். இருவரில் யார் முதலில் கத்தியது என்பதை மட்டும் அத்தான் அறிக்கையில் எழுதவில்லை.

அவருடைய மச்சினிச்சியின் வேலையும் ஏறக்குறைய அதுவேதான். ஆள்தான் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. அவள் ஒரு புற்றுநோய் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக வேலை பார்த்தாள். குடுவைகளில் மனிதப் புற்றுநோய் செல்களை வளர்த்து, அவற்றுக்குக் கீமோ மருந்தைக் கொடுத்து, செத்தவை எத்தனை, செத்துக்கொண்டிருப்பவை எத்தனை, ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருப்பவை எத்தனை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வகம் பக்கத்தில் இருந்ததால் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். ஒரே தொழிலில் இரண்டு பேர் ஒரு கூரையின் கீழ் இருப்பது அத்தானுக்குப் பெருமையாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு அவளை 'ஆராய்ச்சி' என்றே கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த செல்கள் யாருடையவை என்று அவர் ஒருநாள் விசாரித்தார். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண்மணி தன் கட்டியிலிருந்து சம்மதத்துடன் கொடுத்தவை, அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், செல்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கின்றன என்று ஆராய்ச்சி சொன்னாள்.

அத்தான் கையில் எடுத்த தம்ளரைக் கீழே வைத்தார். "அந்தம்மா தவறிட்டாங்க. ஆனா அவங்க செல் உயிரோட இருக்கு."

"ஆமா அத்தான்."

"அப்ப கிளெய்மை எப்படி செட்டில் பண்ணாங்க?"

அந்தக் கேள்வி அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அக்காதான் நிறுத்தினாள். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொடுக்கும் வண்டியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில், வீட்டில் யாராவது அளவுக்கு மீறிப் பேசினாலும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அத்தான் பேசும்போது அந்தக் காலுக்கு ஓய்வே கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான், ஒருநாள் சவரம் செய்கையில் அத்தானின் விரல் கழுத்தில் ஒரு கட்டியில் இடறியது. வலி இல்லை. அதனால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அக்கா பொருட்படுத்தினாள். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். பிறகு கட்டியையே எடுத்துப் பார்த்தார்கள். நிணநீர்க் கணுவில் புற்றுநோய் என்றார் மருத்துவர். நல்லவேளையாக இந்த வகை மருந்துக்குப் படியும், பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள் என்றும் உடனே சேர்த்துச் சொன்னார். அந்த 'பெரும்பாலானவர்கள்' என்ற சொல்லை அத்தான் பிடித்துக்கொண்டு, எத்தனை பேர், எந்த வயதுக்காரர்கள், யார் எண்ணியது என்று தொடங்க, அக்காவின் கால் மருத்துவமனைத் தரையை அழுத்தியது.

நான்கு மருந்துகள். அதில் ஒன்று சிவப்பு. அதன் பெயரை ஆராய்ச்சி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவளுடைய குடுவைகளில் ஊற்றிக்கொண்டிருந்ததும் அதே மருந்துதான். சொல்லியிருக்கக் கூடாது, வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்த நிமிடத்திலிருந்து அத்தானைப் பொறுத்தவரை அவருடைய வைத்தியம் ஆய்வகத்தில் தொடங்கிவிட்டது.

சிகிச்சை ஆரம்பிக்குமுன் இதயப் பரிசோதனை, ஸ்கேன் என்று சில வாரங்கள் ஓடின. தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "என்ன ஆராய்ச்சி, இன்னிக்கு எத்தனை சாவு?"

குடுவையில் இருப்பது வேறு புற்றுநோய், அவருக்கு வந்திருப்பது வேறு, குடுவை வேறு உடம்பு வேறு என்று அவள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகத் தலையாட்டுவார். தலையாட்டி முடித்து, "சரி, எத்தனை?" என்பார்.

உண்மையான பதில், 'கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.' மருந்து கொடுத்த குடுவையிலும் கொடுக்காத குடுவையிலும் ஒரே மாதிரி எல்லாம் நலமாக இருந்தன. ஊரெல்லாம் கொல்லும் மருந்து அவள் கையில் மட்டும் சர்பத்தாகிவிட்டது. பேராசிரியர் மருந்து பழசாக இருக்கலாம் என்றார், புதிது வாங்கினார்கள். அதுவும் சர்பத். வீட்டிலோ அவள், "செத்துட்டேதான் இருக்கு அத்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் சொல்பவர்களைப் பார்த்தே தலை நரைத்தவரிடம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? மூன்றாவது தடவை அவர் கேட்கும் தோரணை மாறியது. சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வேணுமா என்று கேட்டார். அவருடைய அலுவலகத்தில் அந்தத் தண்ணீருக்குப் பிறகு உண்மையைச் சொல்லாதவர்கள் இல்லையாம். அவளும் சொல்லிவிட்டாள்.

அன்று அத்தான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

மறுநாள் அவள் கழிவு பாட்டிலைக் காலி செய்ய எடுத்தபோது, அடியில் வெள்ளையாக, மாவு கரைத்ததுபோல் ஏதோ படிந்திருந்தது. சாதாரணமாக அது தெளிவாக இருக்கும். ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். முழுக்க செல்கள். சுருங்கி, கொப்புளம் கொப்புளமாகச் சிதைந்து, எல்லாம் செத்தவை.

விஷயம் இதுதான். இந்த செல்கள் உயிரோடு இருக்கும்வரை குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். செத்தால் பிடி விட்டு மிதக்கும். அவளோ, வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டுமென்று, எண்ணுவதற்கு முன் மேலே இருந்த திரவத்தை ஊற்றிவிட்டு, இரண்டு தடவை கழுவியும் விட்டு, ஒட்டிக்கொண்டிருந்தவற்றை மட்டும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, திறந்தவர்களிடம் 'இந்த வீட்டில் நீங்கள் இறந்துவிட்டீர்களா?' என்று கேட்டுக் கணக்கெடுத்ததுபோல.

அதை அவள் சாயங்காலம் சொன்னபோது அத்தான் ரொம்ப நேரம் சிரித்தார். "பொணத்தையெல்லாம் நீயே தூக்கிப் போட்டுட்டு, பொணம் கிடைக்கலேன்னு ரிப்போர்ட் எழுதியிருக்க," என்றார். சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அடுத்த வாரம் அவள் மிதந்தவற்றையும் சேர்த்தே எடுத்தாள்; மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் எண்ணுவதையும் விட்டுவிட்டாள். ஆய்வகத்தில் சாவைக் கண்டுபிடிக்க இரண்டு சாயங்கள் வைத்திருந்தார்கள். மருந்து பட்டு ஒரு செல் சாக முடிவெடுத்தால், அது முதலில் தன் மேலுறையின் உட்பக்கத்தை வெளியே திருப்பும். காலிச் சட்டைப்பையை இழுத்துக் காட்டுகிறவனைப்போல. அந்த உட்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிர்வது ஒரு சாயம். இரண்டாவது சிவப்பு. அது உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. உறை கிழிந்து, முழுக்கச் செத்த பிறகுதான் உள்ளே போகும். ஆக, பச்சை மட்டும் என்றால் சாகிறது. பச்சையும் சிவப்பும் என்றால் செத்துவிட்டது. இரண்டும் இல்லையென்றால் உயிரோடு இருக்கிறது. செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டு நிறத்தைப் பார்த்து எண்ணித் தருவதற்கு ஒரு பெரிய எந்திரமும் இருந்தது.

எந்திரம் எண்ணித் தந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சிவப்பு.

ஆராய்ச்சி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோதும் அதே தொண்ணூற்றெட்டு. ஒரே ஒரு விஷயம்தான் பல்லில் சிக்கிய நார்போல உறுத்தியது. சிவந்த செல்களில் ஏராளமானவற்றில் பச்சை இல்லை. செத்தவற்றில் இரண்டும் இருக்க வேண்டும். அதைப் பேராசிரியரிடம் கொண்டுபோனாள்.

பேராசிரியர் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், மாணவர்களுக்குத் தன் செலவில் காபி வாங்கித் தருவார். ஒரே குறை, முடிவு வருவதற்கு முன்பே அதற்குத் தலைப்பு வைத்துவிடுவார். அவர் எந்திரம் அச்சிட்டுத் தந்த படத்தைக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"புரியலையாம்மா உனக்கு? பச்சையாகக்கூட நேரமில்லாம செத்துருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவர் குரலில் இருந்த மகிழ்ச்சி தொற்றிக்கொண்டது. அவளும் எத்தனை வாரமாகச் சர்பத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்! பேராசிரியர் அதற்கு அங்கேயே 'அதிவேக மரணம்' என்று பெயர் வைத்தார். மாலைக்குள் அந்தச் சிவப்புப் படம் பெரிதாக அச்சாகித் தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. பக்கத்தில் பேராசிரியரின் படமும் இருந்தது. அதில் அவர் ஒரு குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். காலிக் குடுவை.

அன்று அத்தான் கேள்வி கேட்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தே எழுந்து நின்றுவிட்டார். எண்ணைச் சொன்னாள். அவர் அதை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு பால்கனிக்குப் போய், அங்கே காய்ந்துகொண்டிருந்த துணிகளை யாரும் சொல்லாமலே மடிக்க ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் துணி மடித்து அக்கா பார்த்ததில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் கீமோ அன்று அக்காவால் வகுப்பை மாற்ற முடியாததால், ஆராய்ச்சிதான் துணைக்குப் போனாள். வெள்ளைச் சுவர், சாயும் நாற்காலிகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பத்தில் தொங்கும் மருந்துப் பை. எதிர் நாற்காலியில் ஒரு லாரி ஓட்டுநர், அவருக்குப் பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட பாட்டு டீச்சர், இன்னும் சிலர். யாரும் யாரோடும் பேசவில்லை. அத்தான் தன் கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பயம் வந்தால் அவர் பேசுவார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இப்படிப் பேசுவார் என்று தெரியாது.

செவிலியர் சிவப்பு மருந்து நிரம்பிய பெரிய ஊசியோடு வந்து, இது போனபிறகு என்னென்ன நடக்கும் என்று விளக்க ஆரம்பித்ததும், அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு அறை முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்தார். இந்தச் சிவப்பு மருந்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். இதோ உட்கார்ந்திருக்கும் தன் மச்சினிச்சி இதைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சாகிறது. அதுவும் அதிவேகமாக. பச்சையாகக்கூட நேரமில்லாமல்.

ஆராய்ச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, அது குடுவையில்தான், வேறு வகை செல்லில்தான் என்றாள். யார் காதிலும் அது விழவில்லை. லாரி ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு டீச்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தனக்கும் அந்தச் சிவப்புதானா என்று செவிலியரைக் கேட்டார். இன்னும் இருவர் கேட்டார்கள். சிவப்பு கிடைக்காத ஒருவர், தனக்கு ஏன் இல்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார். செவிலியர் மருந்தை ஏற்றிக்கொண்டே தன் விளக்கத்தைத் தொடர்ந்தார். அத்தானும் தன்னுடையதைத் தொடர்ந்தார். மருந்து தீர்ந்தபோது கைப்பை தரையில் கிடந்தது; அத்தான் அதை மறந்தே போயிருந்தார்.

வீட்டுக்கு வந்து, கொஞ்சம் படுத்து எழுந்து, குளியலறைக்குப் போனார். வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்து, விசாரணைக்குப் போகும்போது பேசுகிற குரலில் கூப்பிட்டார்.

"ஆராய்ச்சி, ஒரு விவரம் தேவைப்படுது. பதற வேண்டாம். எனக்கு யூரின்ல ரத்தம் போகுது."

அவள் பதறினாள். மருத்துவமனைக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, கதவை ஒட்டிப் பிடித்தாள். காலையில் இருந்த அதே செவிலியர்தான் எடுத்தார். வலி இருக்கிறதா, கட்டியாக வருகிறதா, சர்பத் மாதிரி சிவப்பா என்று கேட்டார். சர்பத் மாதிரிதான் என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அது ரத்தம் இல்ல சார். மருந்தோட கலரு. அந்த மருந்தே சிவப்புதானே, அப்படியே வெளிய வருது. ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "நான் காலைல சொல்லிட்டேதான் இருந்தேன். நீங்க பேசிட்டு இருந்தீங்க," என்றார்.

அத்தான் உள்ளே பெருமூச்சு விட்டது வெளியே கேட்டது. ஆராய்ச்சி செவிலியரின் வாக்கியத்திலேயே நின்றுவிட்டாள். போனைக் கையில் பிடித்தபடி அப்படியே சுவரில் சாய்ந்தாள். அந்த மருந்தே சிவப்பு. வாரக்கணக்காக அந்தச் சிவப்பைத் தன் கையால் உறிஞ்சி, தன் கையால் சொட்டுச் சொட்டாக ஊற்றியிருக்கிறாள். மருந்து செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், லேசர் பட்டதும் அதுவே சிவப்பாக ஒளிராதா? அந்த எந்திரத்துக்கு எந்தச் சிவப்பு சாயத்துடையது, எந்தச் சிவப்பு மருந்துடையது என்று எப்படித் தெரியும்? எல்லாமே செத்ததால் சிவக்கவில்லை. உயிரோடு இருந்தவையும் மருந்தைக் குடித்துவிட்டுச் சிவப்பாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் பச்சை வராததற்குக் காரணம் நேரமில்லாதது அல்ல. சாகாதது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஆய்வகத்துக்குப் போனாள். மருந்து கொடுத்த செல்கள் ஒரு குழாயில். அதில் எந்தச் சாயமும் சேர்க்கவில்லை. முதல் நாளே வைத்திருக்க வேண்டிய குழாய் அது. எந்திரத்தில் ஓடவிட்டாள். சாயமே இல்லாத குழாய் திரையில் தகதகவென்று சிவந்தது.

அன்றுதான் பேராசிரியர் துறையின் முன்னால் அதிவேக மரணத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. அவள் போனபோது அவர் கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் சாயமில்லாத குழாயின் படத்தை நீட்டினாள். விளக்கினாள். அவர் கைகள் கழுத்துப் பட்டையிலேயே நின்றுவிட்டன.

"மருந்தே சிவப்பு," என்றார்.

"ஆமா சார்."

"அது எனக்குத் தெரியுமே."

"எனக்கும் தெரியும் சார்."

இருவரும் கொஞ்ச நேரம் அந்த அறிவோடு நின்றிருந்தார்கள். பிறகு பேராசிரியர், கூட்டத்தை ரத்து செய்யலாமா, ஜுரம் என்று சொல்லலாமா, தலைப்பை 'அதிவேக மரணம்: சில சந்தேகங்கள்' என்று மாற்றலாமா என்று வரிசையாக யோசித்தார். கடைசியில் கழுத்துப் பட்டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, அவளையே மேடைக்கு அழைத்துப்போய், நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். நடுவில் பேராசிரியர் எழுந்து, நேரமில்லாமல் செத்தது என்பது மட்டும் முழுக்க முழுக்கத் தன்னுடைய கண்டுபிடிப்பு, அதில் மாணவிக்குப் பங்கு இல்லை என்று தெளிவுபடுத்தினார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. அதே மருந்தை வைத்து வேலை பார்க்கும் இன்னும் இரண்டு ஆய்வகத்துக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிவதற்குள் அவர்கள் எழுந்து, கொஞ்சம் வேகமாகவே, தங்கள் அறைகளை நோக்கிப் போனார்கள்.

பேராசிரியரிடம் சொன்னது சுலபம். வீட்டில் சொல்ல வேண்டியிருந்ததுதான் கஷ்டம். கீமோவின் குமட்டல் அத்தானுக்கு அன்றுதான் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாய் மட்டும் வழக்கம்போல இருந்தது. யாரிடமோ போனில் தொண்ணூற்றெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனை வைக்கும்வரை நின்றாள். அக்கா சமையலறையிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். நேற்றைய சிவப்பையும் லேசரையும் சாயம் போடாத குழாயையும் சொல்லி, தொண்ணூற்றெட்டு தப்பு என்றாள். அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது. இந்தத் தடவை அதற்கு வண்டி நிற்கவில்லை.

அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "தொண்ணூத்தெட்டுன்னு நீ சொன்னப்பவே எனக்கு இடிச்சுது ஆராய்ச்சி," என்றார். "இவ்வளவு சுத்தமா வர்ற எந்தக் கேஸும் உண்மையா இருந்ததில்ல. நான் கேட்டிருக்கணும். கேக்கல."

"ஏன் அத்தான்?"

"எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. என் சர்வீஸ்ல விசாரிக்காம கையெழுத்துப் போட்ட ஒரே கேஸ் அதுதான்."

அக்கா வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். பிறகு, அப்படியென்றால் சரியான எண் எவ்வளவு என்று கேட்டார். இன்னும் தெரியாது என்றாள். வேறு ஒரு பொய்யாவது சொல்லிவிடலாம்போல இருந்தது அவளுக்கு.

"தெரியலேன்னா தெரியலேன்னே இருக்கட்டும். கண்டுபிடிச்சுட்டுச் சொல்லு. பெரிசா சொல்லணும்னு இல்ல, சரியா சொல்லு." அதற்குள் குமட்டல் வந்துவிட்டது. அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் அவர் நெற்றியையும் பிடித்துக்கொண்டாள். வாந்தி எடுத்து முடித்து நிமிர்ந்தவர், எந்திரத்தையும் சும்மா விடாதே, அதைச் சாட்சியாகச் சேர்த்து விசாரி என்றார்.

ஆராய்ச்சி மறுபடி ஆரம்பித்தாள். சிவப்புச் சாயத்தை ஒதுக்கிவிட்டு, செத்த செல்லை நீலமாகக் காட்டும் வேறொன்றை எடுத்தாள். அதற்கு வேறு லேசர். மருந்தின் சிவப்பு அதில் குறுக்கே வராது. மிதந்தவற்றைச் சேர்த்தாள். மருந்து மட்டும் உள்ள குழாய், சாயம் மட்டும் உள்ள குழாய், இரண்டும் இல்லாத குழாய் என்று எல்லாவற்றையும் வைத்தாள். குழாய்களின் வரிசையைப் பார்த்துவிட்டு எந்திர அறைப் பொறுப்பாளர், கல்யாண வீட்டுக்கு ஆள் கூப்பிட்ட மாதிரி இருக்கிறதே என்றார். ஒருமுறை செய்து நம்பாமல், மறுபடியும் செய்து, அதையும் நம்பாமல் இன்னொரு முறை செய்தாள். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வந்தது. மருந்தைக் கூட்டினால் சாவு கூடியது, குறைத்தால் குறைந்தது. முதலில் பச்சை, பிறகு பச்சையும் நீலமும், வரவேண்டிய வரிசையில், அவசரமில்லாமல் வந்தன. நூற்றுக்கு அறுபது.

இரண்டாவது கீமோவுக்குள் அத்தானின் தலைமுடி போயிருந்தது. நாற்காலிகளில் அநேகமாக அதே ஆட்கள். அவர் உள்ளே நுழைந்ததுமே லாரி ஓட்டுநர் கையைத் தூக்கி, "வாங்க தொண்ணூத்தெட்டு," என்று வரவேற்றார். அவருக்கு அங்கே பெயரே அப்படி ஆகியிருந்தது. அத்தான் உட்காரவில்லை. மருந்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, சென்ற முறை தான் அளித்த தகவல் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். நடந்ததை விளக்கினார். அவர் விளக்கத்தில் லேசரும் சாயமும் இடம் மாறிப் போயின. ஆனால் சாரம் சரியாக இருந்தது. குடுவையில், வேறு வகை செல்லில், நூற்றுக்கு அறுபது. அவ்வளவுதான். மன்னிக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கு ஓடிப்போய்விடலாம்போல இருந்தது. பாட்டு டீச்சர் எதையோ மனதில் கணக்குப் போட்டார்.

"மிச்சம் நாப்பது?" என்று கேட்டார்.

ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்த செவிலியர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அதுக்குத்தானேம்மா மறுபடி மறுபடி வரச் சொல்றோம்."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. லாரி ஓட்டுநர், தான் படித்த காலத்தில் எந்தப் பரீட்சையிலும் அறுபது வாங்கியதில்லை, தனக்கு அது தாராளம் என்றார். அத்தான் உட்கார்ந்தார். செவிலியர் இந்த முறை அவர் எதிரில் வந்து நின்று, தான் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு விளக்கத்தைத் தொடங்கினார். அத்தான் வாயைத் திறக்கவில்லை. விளக்கம் முடிந்ததும் பதினைந்து கேள்விகள் கேட்டார்.

மாதங்கள் ஓடின. கடைசி மருந்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கழுத்தும் மார்பும் சுத்தமாக இருந்தன. மருத்துவர் கைகொடுத்தார். அத்தான் கையைக் கொடுத்துவிட்டு, இதை வேறு யாராவது இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவரும் பார்த்தார். அவரும் சுத்தம் என்றார். அதன் பிறகும் அத்தான் 'குணமாகிவிட்டது' என்ற சொல்லை வீட்டில் யாரையும் சொல்லவிடவில்லை. 'இப்போதைக்கு ஆட்சேபணை இல்லை' என்றுதான் எல்லோரும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாரம் ஆராய்ச்சி இருவரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப்போனாள். வெள்ளை அங்கியும் கையுறையும் மாட்டிவிட்டதும் அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு குளிர்பதனப் பெட்டியின் முன்னாலும் நின்று, சோதனைக்கு வந்தவர்போலத் தலையசைத்தார். பேராசிரியர் வந்து அறிமுகம் செய்துகொண்டார். அவரும் அத்தானும் தொண்ணூற்றெட்டை நம்பிய விதத்தை ஒருவருக்கொருவர் விவரித்துக்கொண்டார்கள். சீக்கிரமே நண்பர்களாகிவிட்டார்கள்.

ஆராய்ச்சி மருந்து கொடுத்த குடுவை ஒன்றை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, அத்தானைப் பார்க்கச் சொன்னாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் இரண்டாலும் பார்த்தார். ஒட்டிக்கொண்டிருந்தவற்றையும், சுருங்கியவற்றையும், சோப்பு நுரைபோலக் குமிழ் விட்டுப் பிரிந்துகொண்டிருந்த ஒன்றையும் அவள் சொல்லச் சொல்ல அவர் தேடிப் பிடித்தார். அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

பிறகு அக்கா குனிந்தாள். வைத்தியம் நடந்த அத்தனை மாதமும் அக்கா இந்த செல்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. வகுப்புக்குப் போனாள், வந்தாள், வாளியைக் கழுவினாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். இப்போது கண்ணை அந்தக் குழலில் பதித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். வெகுநேரம் கழித்து, நிமிராமலே கேட்டாள்.

"இவருக்குள்ள இருந்ததும் இத்தனூண்டுதானா?"

"கிட்டத்தட்ட இந்த அளவுதான்க்கா."

"இதுக்கா நான் இத்தனை நாள் தூங்காம கிடந்தேன்?"

அக்கா தூங்காமல் கிடந்தது மற்ற இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆராய்ச்சி அவள் முதுகில் கை வைத்தாள். அத்தான் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அக்கா மெதுவாகக் குடுவையை நகர்த்தச் சொன்னாள்; அடுத்த பக்கத்தைப் பார்க்க வேண்டுமாம். அதன் பிறகு இன்னொரு குடுவை. தனக்கு இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அத்தான் தாழ்ந்த குரலில் கேட்டார். அக்கா முழங்கையால் அவரைத் தள்ளிவிட்டு, பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தான் அவளுக்குப் பின்னால் போய், தன் முறைக்காக வரிசையில் நின்றார்.